எட்டில் ஒரு பங்கு: நாகூரின் ஏழை விதவையைத் தேடும் வழி

விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலமான 1837 முதல் 1901 வரை நாகூரில் வாழ்ந்த ஓர் ஏழைப் பெண்ணின் பெயர், கணவன் உயிரோடு இருந்தவரை எந்தக் காகிதத்திலும் ஏறுவது அரிது. வீட்டுப் பத்திரம் அவன் பெயரில் இருக்கும். கடன் சீட்டும் அவன் பெயரில்தான். வரி கட்டியவன், கோர்ட்டுக்குப் போனவன், கப்பலேறியவன் எல்லாம் அவனே. அவன் இறந்ததும் நிலைமை மாறுகிறது. பங்கு பிரிக்க வேண்டும், கடனைத் தீர்க்க வேண்டும், பிள்ளைகளுக்காகக் கையெழுத்தோ கீறலோ போட வேண்டும். அதனால் அந்தக் காலத்து ஏழைப் பெண்களில் மனைவியைவிட விதவைதான் ஆவணங்களில் அகப்படுகிறாள். நாகூர்க் குடும்பம் ஒன்று தன் நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பாட்டியைத் தேட முனைந்தால், தொடங்க வேண்டிய இடம் அவளுடைய கணவனின் மரணம்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட தேடலுக்கு நேர்வழி உண்டு. அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு 1837 ஜூலை முதல் பதிவு செய்தது. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் மூலத் தாள்கள் இன்றும் உள்ளன. 1851 முதல் அவற்றில் ஒவ்வொருவரின் திருமண நிலையும், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. லண்டனில் துணி வெளுத்துப் பிழைத்த விதவை 1861இல் எந்தத் தெருவில் இருந்தாள், 1871இல் எந்த மகனோடு இருந்தாள் என்பதை அந்தத் தாள்களிலேயே பார்க்கலாம். கதியற்றுப் போனால், 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தின்படி நடந்த வேலை இல்லங்களின் சேர்க்கைப் புத்தகத்தில் அவள் பெயர் இருக்கும்.

சென்னை மாகாணத்திலும் 1871இல் கணக்கெடுப்பு நடந்தது. டபிள்யூ. ஆர். கார்னிஷ் அதற்கு விரிவான அறிக்கை எழுதினார். 1881இல் இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணப்பட்டபோது, விதவைகள் மட்டும் இரண்டு கோடிக்கு மேல் என்று தெரியவந்தது. ஆனால் வீடு வீடாக எழுதிய தாள்கள், கூட்டல் முடிந்ததும் அழிக்கப்பட்டன. எண்ணிக்கை நின்றது, பெயர்கள் போயின. அதனால் இங்கே தேடுகிறவருக்குக் கணக்கெடுப்பு உதவாது. விதவையைச் சுற்றி இருந்த மற்றவர்களின் காகிதங்களில்தான் அவளைத் தேட வேண்டியிருக்கிறது.

நாகூரின் தன்மை இந்தத் தேடலுக்குச் சில வசதிகளைத் தருகிறது. சாகுல் ஹமீது ஆண்டவரின் தர்காவைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. மரைக்காயர்கள், மாலுமிகள், சிறு வியாபாரிகள், தர்காவை அண்டிப் பிழைத்தவர்கள், பட்டினச்சேரி மீனவர்கள் என்று கடலோடு கட்டுண்ட மக்கள். ஆண்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். இந்தப் போக்குவரத்தின் அடையாளமாக, சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1830ஐ ஒட்டி நாகூர் தர்காவின் பெயரிலேயே ஒரு நினைவிடம் எழுந்தது. பினாங்கிலும் ஒன்று உண்டு. கடலில் அல்லது அக்கரையில் கணவன் இறந்துபோன செய்தி, மாதங்கள் கழித்துக் கடிதத்தில் வந்து சேர்ந்த வீடுகள் நாகூரில் இருந்தன. ஊரில் விதவைகள் செய்யக் கிடைத்த வேலைகள் குறைவு. நெல் அவித்துக் குத்துவது, இடியாப்பம் அவித்து விற்பது, தையல், வசதியுள்ள வீடுகளில் ஒத்தாசை. இந்த வேலைகளுக்கு ரசீதும் கிடையாது, பதிவும் கிடையாது.

தேடலின் முதல் இடம் வீட்டுப் பெட்டகம். பழைய வீட்டை விற்றபோது தப்பிய மூலப்பத்திரம், அக்கரையிலிருந்து அரபுத்தமிழில் எழுதி வந்த கடிதம், கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்த பிறப்புத் தேதி, குர்ஆன் பிரதியின் முன்தாளில் எழுதிய மரணக் குறிப்பு ஆகியவை அங்கே கிடைக்கலாம். அரபுத்தமிழ் என்பது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். தமிழ் எழுத்து அறியாத பல பெண்கள் மதரசாவில் படித்த பழக்கத்தால் இதை வாசித்தார்கள், சிலர் எழுதவும் செய்தார்கள். பத்திரத்தில் கீறல் போட்ட பெண்ணை எழுத்தறிவற்றவள் என்று உடனே முடிவுகட்டக் கூடாததற்கு இது ஒரு காரணம். இன்றைய பேரப்பிள்ளைகளால் வாசிக்க முடியாது என்பதாலேயே இந்தக் காகிதங்கள் பழைய தாளோடு தாளாகப் போய்விடுகின்றன. அந்த இழப்புக்கு ஈடு கிடையாது. ஊரில் அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவற்றைப் படித்து எழுதிக்கொள்வது எல்லாவற்றிலும் அவசரமான வேலை.

காகிதம் இல்லாத வீட்டிலும் நினைவு இருக்கிறது. இறந்தவருக்கு ஆண்டுதோறும் ஃபாத்திஹா ஓதும் வழக்கமுள்ள குடும்பங்களில், உம்மம்மாவின் உம்மா எந்தப் பிறையில் மவுத்தானார் என்பது வாய்வழியாக வந்திருக்கும். மாதமும் நாளும் தெரியும், ஆண்டு தெரியாது. ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்தான் என்பதால், 33 ஹிஜ்ரி ஆண்டுகள் 32 ஆங்கில ஆண்டுகளுக்குச் சமம். வயதைக் கணக்கிடும்போது இதை விட்டுவிட்டால், எழுபது வயதுக்காரர் விஷயத்தில் இரண்டு ஆண்டுகள் பிசகும். இந்துக் குடும்பங்களில் அறுபதாண்டுச் சுற்றின் பெயரே ஆண்டாக நினைவில் நிற்கும். தாது வருஷம் என்றால் 1876-77, பெரும் பஞ்சத்தின் காலம். ஆனால் அதே பெயர் 1936-37இலும் வந்தது. மற்றொரு நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்க்காமல் வருஷப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

பெயரிலும் சிக்கல் உண்டு. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். பீவி, நாச்சியா, உம்மாள், அம்மாள் என்ற பின்னொட்டுகளோ ஒரே பெண்ணுக்கே ஒவ்வொரு காகிதத்தில் ஒவ்வொன்றாக இருக்கும். ஆகவே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போவது ஆபத்து. தகப்பன் பெயர், கணவன் பெயர், தெரு ஆகிய மூன்றையும் சேர்த்தே தேட வேண்டும்.

அடுத்த இடம் சார்பதிவாளர் அலுவலகம். இந்தத் தேடலில் மிகுந்த பலன் தருவது இதுதான். இந்தியாவில் பத்திரப் பதிவுச் சட்டம் 1864இல் வந்தது. 1866, 1871, 1877 ஆண்டுகளில் அது மாற்றி எழுதப்பட்டது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கும் பத்திரத்தைக் கட்டாயம் பதிய வேண்டும். அதற்குக் குறைந்தால் விருப்பம். ஏழை விதவையின் கூரை வீட்டு மனை பெரும்பாலும் 100 ரூபாய்க்குக் கீழே இருந்திருக்கும் என்பது உண்மை. ஆனாலும் வாங்குகிறவர் தன் பாதுகாப்புக்காகப் பதிந்துகொள்வது உண்டு. கணவனின் பரம்பரை வீட்டை எல்லா வாரிசுகளும் சேர்ந்து விற்கும்போது, மொத்த மதிப்பு 100ஐத் தாண்டினால், ஒவ்வொரு வாரிசும் கையெழுத்திட வேண்டும். அங்கே விதவை தன் தகப்பன் பெயரோடும் இறந்த கணவன் பெயரோடும், வயதோடும், தெருவோடும் வருகிறாள்.

அக்காலத்துக் கிரய பத்திரத்தின் நடை இன்றைக்கும் வாசிக்கக் கூடியதுதான். எழுதிக்கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், சொத்து எழுதிக்கொடுப்பவருக்கு எப்படி வந்தது, என்ன காரணத்துக்காக விற்கிறார் என்பதெல்லாம் வரிசையாக வரும். காரணம் சொல்லும் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். கணவன் வைத்த கடனா, மகள் கல்யாணச் செலவா, குடும்ப வயிற்றுப்பாடா என்று அந்த ஓரிரு வரிகள் சொல்லிவிடும். முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் தாள் வாங்கியவர் பெயரும் தேதியும் விற்ற வெண்டர் பெயரும் இருக்கும். பெண்ணின் பெயரில் தம்பியோ மருமகனோ தாள் வாங்கியிருந்தால், அந்த நாளில் அவளுக்குத் துணையாக நின்றவர் யார் என்று தெரியும். கையெழுத்துக்குப் பதில் கீறலோ கைநாட்டோ இருந்தால், அது இன்னாருடையது என்று எழுதியவர் பெயரும் பக்கத்தில் வரும். சாட்சிகள் பெரும்பாலும் உறவினர் அல்லது அடுத்த வீட்டார். அவர்களையும் குறித்துக்கொண்டால் இரண்டாவது, மூன்றாவது பத்திரத்தில் அதே பெயர்கள் மறுபடி தட்டுப்படும்.

எதையும் விற்காத, வாங்காத விதவைக்கும் பத்திரங்களில் ஓர் இடம் இருக்கிறது. அது சக்குபந்தி. சொத்தின் நான்கு எல்லைகளைக் குறிக்கும்போது, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னாருடைய விதவை குடியிருக்கும் மனைக்கு வடக்கு என்று எழுதுவார்கள். தன் பெயரில் ஒரு சீட்டும் இல்லாத பெண், அடுத்த வீட்டுக்காரன் பத்திரத்தில் எல்லையாக நிற்கிறாள். 1875இல் எழுதிய பத்திரத்தில் அந்த எல்லையில் கணவன் பெயர் இருந்து, 1882இல் எழுதியதில் விதவை என்று மாறியிருந்தால், அவன் அந்த ஏழு ஆண்டுக்குள் இறந்தான் என்று கொள்ளலாம். பழைய பத்திரத்தைப் பார்த்து எல்லையை அப்படியே நகலெடுக்கும் பழக்கம் எழுத்தர்களுக்கு உண்டு என்பதால், இதை ஒற்றைச் சான்றாகக் கொள்ளாமல் துணைச் சான்றாக வைத்துக்கொள்வது நல்லது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு அட்டவணைகள் வைக்கப்பட்டன. ஒன்று ஆள் பெயர்ப்படி, மற்றொன்று சொத்தின்படி. பெயர் அட்டவணையில் விதவை கிடைக்காவிட்டால், தெருவை வைத்துச் சொத்து அட்டவணையில் தேடலாம். இணையத்தில் எளிதாகக் கிடைப்பவை பிற்காலத்துப் பதிவுகளே. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களுக்கு அலுவலகத்தில் மனு எழுதித் தேடல் கட்டணம் கட்ட வேண்டும். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல்தான். அதற்கு முன் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா என்ற தலைப்பில் இருக்கும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முஸ்லிம் விதவை பத்திரங்களில் கூடுதலாகத் தென்படுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். பிள்ளைகள் இருந்தால் கணவன் சொத்தில் எட்டில் ஒரு பங்கு, பிள்ளை இல்லாவிட்டால் நான்கில் ஒரு பங்கு அவளுக்கு உண்டு. மனைவியர் ஒருவருக்கு மேல் இருந்தால் அந்த எட்டில் ஒன்றையே அவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். பங்குக்கு முன்பாகவே மஹர் என்ற கடன் நிற்கிறது. திருமணத்தின்போது வாக்களித்து, கொடுக்காமல் விட்ட மஹர், கணவன் விட்டுச்சென்ற சொத்தின்மேல் ஒரு கடனாகும். சொத்தை முறைப்படி கையில் வைத்திருக்கும் விதவை, அந்தக் கடன் தீரும்வரை அதை விடாமல் வைத்துக்கொள்ளலாம் என்பதை ஆங்கிலேய நீதிமன்றங்களும் ஏற்றன. கூட்டுக்குடும்பத்து இந்து விதவைக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஜீவனாம்சம் தவிரப் பங்கு இல்லை. அதனால் நாகூரின் மீனவ விதவையைத் தேடுவது, அதே ஊர் மரைக்காயர் விதவையைத் தேடுவதைவிடக் கடினம். உரிமை எங்கே இருந்ததோ அங்கே பதிவும் இருந்தது.

இத்தாக் காலமான நான்கு மாதம் பத்து நாள் கழிந்தபின் முஸ்லிம் விதவை மறுமணம் செய்துகொள்ளலாம். இளவயதில் கணவனை இழந்தவர்கள் அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். இந்து விதவை மறுமணத்தை 1856ஆம் ஆண்டின் 15ஆம் சட்டம் அனுமதித்தாலும் நடைமுறையில் அது வேரூன்றவில்லை. மறுமணம் ஆனதும் ஆவணங்களில் பெண்ணின் அடையாளம் மாறிவிடும். ஒருவருடைய விதவை இப்போது வேறொருவருடைய மனைவி. தகப்பன் பெயர் மட்டும் மாறாமல் நிற்கும். நிக்காஹ் புத்தகத்தில் மணமகள், மணமகன், இருவரின் தகப்பன் பெயர், வலி என்ற மணமகளின் பொறுப்பாளர், சாட்சிகள், மஹர் தொகை ஆகியவை பதியப்படும். 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிகளை அரசு நியமிக்க வழிசெய்தது. ஆனால் அது பதிவைக் கட்டாயமாக்கவில்லை. பழைய புத்தகங்கள் ஜமாஅத்திடமோ காஜி குடும்பத்திடமோ இருந்தால், அவர்களின் அனுமதியோடுதான் பார்க்க முடியும்.

இறப்புப் பதிவு பின்னால் வந்தது. நாகப்பட்டினம் நகராட்சி 1866இல் அமைந்தது, நாகூர் அதன் பகுதி. மாகாணத்துக்கான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899ஆம் ஆண்டினது. விக்டோரியா காலத்தின் கடைசி ஆண்டுகளிலோ அதற்குப் பின்போ இறந்த விதவைக்கு நகராட்சிப் பதிவேட்டில் வாய்ப்பு உண்டு. அதில் வயது மதிப்பீடாகத்தான் இருக்கும். கல்லறையில் தேடிப் பயன் குறைவு. எழுத்துப் பொறித்த மீஸான் கல் வசதியுள்ளவர்களுக்கே நட்டார்கள்.

கோர்ட்டுக் காகிதங்களில் ஏழை விதவைக்கென்றே ஒரு வகை உண்டு. கோர்ட்டுக் கட்டணம் கட்ட வழியில்லாதவர், பாப்பர் என்ற வகையில் கட்டணமின்றி வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்கான மனுவோடு, தன்னிடம் உள்ள அசையும், அசையாச் சொத்துக்கள் எல்லாவற்றையும் உத்தேச மதிப்போடு பட்டியலிட்டுக் கொடுக்க வேண்டும். உடுத்தும் துணி மட்டும் கணக்கில் சேராது. கணவனின் அண்ணன் தம்பிகள் பங்கைத் தர மறுத்தபோது கோர்ட்டுக்குப் போன பெண்ணின் வீட்டில் என்ன இருந்தது என்பதை அறிய இதைவிட நேரடியான ஆவணம் இல்லை. வழக்கின் துணைக் காகிதங்கள் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கப்படுவது வழக்கம். தீர்ப்பும் டிக்கிரியும் நெடுநாள் நிற்கும். மேல்முறையீடு போயிருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அச்சிட்ட தீர்ப்புத் தொகுதிகளிலும் தேடலாம். அந்தத் தொடர் 1876இல் தொடங்குகிறது.

இதே காலத்தில் நாகப்பட்டினத்தில் ஆங்கிலேயப் படையாளின் விதவை இருந்திருந்தால், அவளைத் தேடுவது பெரும்பாடில்லை. 1770இல் தொடங்கிய கிளைவ் நிதியிலிருந்து உதவிச் சம்பளம் வாங்கிய கணக்கும், மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகலும் லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் அவை இருக்கின்றன. தரங்கம்பாடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த தமிழ்க் கிறிஸ்தவ விதவைகளுக்கும் கோயில் பதிவேடுகள் நல்ல துணை.

நாகூர் விதவையின் சுவடு கடலுக்கு அப்பால் கிடைப்பதும் உண்டு. கணவன் பினாங்கில் இறந்து, அங்கே கடையோ சேமிப்போ விட்டிருந்தால், அதைப் பெற அங்குள்ள நீதிமன்றத்தில் வாரிசு நிர்வாக உத்தரவு வாங்க வேண்டும். அதற்காக நாகூரிலிருந்து விதவை, அங்குள்ள ஒருவர் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டும். அந்த உரிமைக் காகிதங்களில், நாகூர் மனைவியோடு அக்கரை மனைவியும் எதிர்ப்படலாம். தமிழ் முஸ்லிம் ஆண்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் சமூகமே அங்கே ஜாவி பெக்கான் என்று பெயர் பெற்றது. எட்டில் ஒரு பங்கு அப்போது பதினாறில் ஒரு பங்காகும். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் முஸ்லிம் திருமணப் பதிவுக்கான அவசரச் சட்டம் 1880இல் வந்ததால், அதற்குப் பிந்தைய அக்கரைத் திருமணங்களைத் தேட முடிகிறது.

விதவையே கப்பலேறியிருந்தால் பதிவு இன்னும் நெருக்கமானது. மலேயாவுக்குப் போனவர்களில் பலர் கங்காணி மூலமாகவோ சொந்தச் செலவிலோ குறுகிய பயணத்தில் போனதால், அங்கே ஆளுக்கு ஆள் விவரம் குறைவு. ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்களின் பட்டியல் அப்படியல்ல. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு அல்லது மச்சம் வரை எழுதியிருக்கிறது. பல குடியேற்ற நாடுகள் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் வேண்டும் என்று விதி வைத்திருந்ததால், துணையற்ற விதவைகளை ஆள்கட்டிகள் தேடிப் பிடித்தார்கள். பட்டியலில் கணவன் துணையின்றித் தனியாகவோ பிள்ளையோடு மட்டுமோ வரும் பெண்களில் கணிசமானோர் அப்படிப்பட்டவர்களே. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயரும் ஊரும் உருமாறியிருக்கும். பட்டியலை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் தமிழ்ப் பெயர் புலப்படும். மொரீஷியஸ் போனவர்களின் ஆவணங்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களின் நடுவிலிருந்து எடுத்த புகைப்படங்களும் அவற்றில் உண்டு.

நாகூரை ஒட்டியே எல்லை தொடங்கும் காரைக்காலையும் விட்டுவிடக் கூடாது. அங்கே பிரெஞ்சு ஆட்சி. ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் காரைக்காலிலிருந்தும் கூலிகள் போனார்கள். பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடுகள் பெண்ணை அவளுடைய பிறந்த வீட்டுப் பெயராலேயே குறித்து, இன்னாரின் விதவை என்று சேர்க்கும். இறப்பைத் தெரிவித்தவர்களின் பெயர், வயது, தொழிலும் வரும். அவற்றில் பெரும்பகுதி பிரான்ஸின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் சேர்ந்து, இணையத்திலும் பார்க்கக் கிடைக்கிறது. பெண் கொடுத்து எடுத்த உறவு எல்லையைத் தாண்டியே இருந்ததால், நாகூர் விதவை காரைக்காலில் மகள் வீட்டில் இறந்திருந்தால் அவளைப் பற்றிய மிகத் தெளிவான பதிவு பிரெஞ்சு மொழியில் இருக்கும்.

இந்த வகைத் தேடல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கையூத்ரா பஹதூர் 2013இல் வெளியிட்ட ஆங்கில நூல் ஒரு சான்று. அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா, 1903இல் கல்கத்தாவிலிருந்து கிளைட் என்ற கப்பலில் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கருவுற்ற நிலையில் தனியாகப் போனவர். பயணச் சீட்டு, கப்பல் பதிவுகள், அரசுக் கடிதங்கள், பீகாரில் நேரில் கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்தும், அவர் ஏன் புறப்பட்டார் என்பதற்கு உறுதியான விடை அமையவில்லை. கிடைத்ததை முடிவாக எழுதாமல் கேள்வியாகவே வைத்திருப்பது அந்த நூலின் பலம்.

நாகூரில் தேடுகிறவருக்கும் கடைசியில் எழுவது இரண்டு காகிதங்களிலுள்ள பெண் ஒருத்திதானா என்ற கேள்வி. பெயரும் தெருவும் பொருந்துவது போதாது, ஒரே தெருவில் ஒரே பெயரில் மூவர் இருந்திருக்கலாம். தகப்பன் பெயரும் கணவன் பெயரும் பொருந்தி, சாட்சிகளில் ஒருவராவது பொதுவாக இருந்தால் இணைக்கலாம். மறுமணம் ஆனவரென்றால் தகப்பன் பெயரோடு முதல் கணவனின் பிள்ளைகள் பெயரும் பொருந்த வேண்டும். வயதில் நான்கைந்து ஆண்டு வேறுபாடு தடையல்ல, பத்துக்கு மேல் போனால் வேறு ஆளென்றே கொள்ள வேண்டும். பொருந்தாத காகிதத்தைத் தள்ளிவிடாமல் தனி உறையில் வைத்து, எங்கே, எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் பார்த்தது என்று எழுதிவைத்தால், அடுத்த தெருக் குடும்பத்தின் தேடலுக்கு அது உதவும்.